திரும்பிப் போகாத அலை

செவ்வாய்க் கிரகத்தில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. வந்து இறங்கிய அன்று எனக்குச் சொன்ன முதல் சட்டமே அதுதான். கடுகு வெடிக்கலாம், தவில் வாசிக்கலாம், கதவை அறைந்து சாத்தலாம், பக்கத்துக் கட்டில்காரனை வாய்க்கு வந்தபடி திட்டலாம். ஆனால் மெல்லத் தொடங்கி, ஏறி, நீண்டு நிற்கிற எந்த ஒலியும் இந்தச் சுரங்க ஊருக்குள் கேட்கக் கூடாது.

காரணம் இருக்கிறது. வெளியே மூச்சுவிடக் காற்று இல்லை. சுவரில் மயிரிழை விரிசல் விட்டாலும் உள்ளே இருக்கும் காற்று உஸ்ஸென்று கசியத் தொடங்கிவிடும். அழுத்தமானி அதைக் கண்டுபிடித்து அலறச் சில நிமிஷம் ஆகும், காதுக்கு அது முன்னாலேயே எட்டிவிடும். முதல் குடியிருப்பில் பதினோரு பேர் அந்த உஸ்ஸை ஏ.சி. சத்தம் என்று நினைத்துப் புரண்டு படுத்தார்கள். அவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

அதன் பிறகு வந்ததுதான் ஒலிச் சட்டம். ஒலிபெருக்கியில் எது வந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் தொடங்கிவிட வேண்டும், அரை வினாடியில் அடங்கிவிட வேண்டும். எந்த உஸ் கேட்டாலும் அது கசிவு மட்டும்தான் என்று ஆகிவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது அல்லவா? பாட்டு, மணி, அறிவிப்பு எல்லாவற்றையும் அந்த அளவுக்கு வெட்டிக் கொடுக்கத்தான் என்னைக் கூட்டி வந்தார்கள்.

என் பெயர் நாச்சம்மை. சொந்த ஊர் தேவகோட்டை. சென்னையில் ஒலிப்பதிவுக் கூடங்களில் இருபத்திரண்டு வருஷம் சின்தசைசருக்கு ஒலி செய்து கொடுத்தவள். மழை விட்ட பிறகு வாழை இலையில் சொட்டுகிற மாதிரி வேண்டும் என்பார்கள், செய்வேன். பாதி அழுகையில் சிரிப்பு வந்த மாதிரி வேண்டும் என்பார்கள், அந்தக் கூத்தையும் செய்வேன். இங்கே வந்து நான் செய்தது கசாப்பு வேலை. வயலினைத் துண்டு துண்டாக நறுக்கினேன். நாகஸ்வரத்தையும் புல்லாங்குழலையும் கழித்தே கட்டினேன். மீட்டியதும் தந்தியை அமுக்கிவிட்டால் போதும் என்பதால் வீணை மட்டும் குற்றுயிராகப் பிழைத்தது. வாயால் முனகிப் பாடுவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் இரண்டு வருஷத்தில் எல்லாரும் அதைத் தாமாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் சிலுவைதாசன், ஏழாம் கூடத்தில் தங்கியிருப்பவர், வெல்டிங் வேலை. நாற்பது வயதிருக்கும். முட்டத்துக்குப் பக்கத்தில் கடற்கரையிலேயே வீடு என்று சொன்னார். கண் இரண்டும் பழுத்த மிளகாயாக இருந்தன.

"அக்கா, நீங்கதானே சத்தம் செய்யுத ஆளு? எனக்கு ஒரு கடல் செஞ்சு தரணும்."

"எதுக்கு, என்னை வேலையை விட்டுத் துரத்தவா?"

"ஒறக்கம் வரல்லக்கா. அஞ்சு வருசமாச்சு. ஒரு மணிக்கூர், ரெண்டு மணிக்கூர், அவ்வளவுதான். கண்ண மூடினா எல்லாம் சத்தமில்லாம கெடக்கு. எனக்க வீட்ல அப்பிடிக் கெடந்தா கடலு செத்துப் போச்சுன்னு அர்த்தம். எழும்பி உக்காந்திருவேன்."

"டாக்டர்கிட்டப் போங்க."

"அவருதான் இங்க அனுப்பினாரு. அனுப்பினேன்னு சொல்லப்பிடாதுன்னும் சொன்னாரு."

பிறகு விஷயத்தைச் சொன்னார். பூமிக்கான கப்பல் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். அடுத்தது பதினொரு மாதத்தில். கப்பல் மேலே ஏறும்போது நெஞ்சின் மேல் ஆறு பேர் உட்கார்ந்த மாதிரி அமுக்கும். தூக்கம் கெட்ட உடம்பு அதைத் தாங்காது என்று டாக்டர் பெயரை அடித்துவிடுவார். போன கப்பலுக்கே அடித்துவிட்டாராம். வீட்டில் மனைவி மெற்றில்டா காத்திருக்கிறாள்.

"கடலுகிட்டப் போகணும்னா ஒறங்கணும். ஒறங்கணும்னா கடலு வேணும். இதுல நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சின்தசைசரைத் திறந்து வெறும் இரைச்சலை எடுத்தேன். டி.வி.யில் சேனல் வராதபோது கேட்குமே, அந்த இரைச்சல். அதைக் காதில் மாட்டும் கருவியில் அவருக்கு ஓட்டிக் காட்டினேன்.

"இதுவா கடலு?"

"இது மாவுதான் தம்பி. கடல், மழை, காத்து எல்லாத்துக்கும் இதே மாவுதான். இதை எந்த உருவத்துல ஊத்தறோம்ங்கிறதுலதான் இருக்கு. அதுக்கு என்வலப்னு பேரு. கட்டையை அமுக்கினதும் சத்தம் எவ்வளவு வேகமா ஏறுது, அது அட்டாக். ஏறினது கொஞ்சம் தணியுமில்லையா, அது டீகே. விரலை எடுக்காம வச்சிருக்கிற வரைக்கும் எந்த அளவுல நிக்குது, அது சஸ்டெயின். விரலை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் இழுத்துக்கிட்டே போய் அடங்குது, அது ரிலீஸ். இந்த நாலையும் சரியா வச்சிட்டா மாவு கடலாயிரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சுவர்ல காத்து கசியுத சத்தம்?"

"அதுவும் இதே மாவுதான். அது ஏறும், நிக்கும். அதுக்கு ரிலீஸ் மட்டும் கிடையாது."

பத்து நிமிஷத்தில் ஒரு கடல் செய்து கொடுத்தேன். மெல்ல ஏறி மெல்ல இறங்கும். படங்களில் காதலர்கள் கைகோத்து நடக்கும்போது நான் எத்தனையோ தடவை கொடுத்த கடல். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"நல்லா இருக்கு. ஆனா இது வேடிக்க பாக்க வந்தவன் கேக்குத கடலு, அக்கா. சுண்டல் வாங்கித் தின்னுக்கிட்டே கேக்குதது."

தேவகோட்டைக்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? எங்களுக்குக் கண்மாய்தான். ஆனால் என் தொழிலில் என்னை இப்படிச் சொன்ன ஆள் அதுவரை கிடையாது. "அப்ப உங்க கடல் எப்படி இருக்கும்? சொல்லுங்க பார்ப்போம்" என்றேன் வீம்பாக.

"மொதல்ல சத்தமே இருக்காது. உள்ளுக்கு இழுக்கும். அந்தச் சத்தமில்லாததுதான் தொடக்கம். பெறகு ஏறும். எங்க கரை செங்குத்தால்லா, அதனால சட்டுன்னு ஒடைஞ்சு விழும். விழுததுல கட்டிலு லேசா அதிரும். அது முடிஞ்ச பெறகுதான் முக்கியம். தண்ணி திரும்பிப் போவும்போது சிப்பியையும் பொடிக்கல்லையும் இழுத்துக்கிட்டுப் போவும். சரசரன்னு நேரமெடுத்துப் போவும். அது போய் முடியும்போதுதான் எனக்குக் கண்ணு சொருகும்."

மூன்று வாரம் ஆனது. தினம் சாப்பாட்டு இடைவேளையில் வருவார், கேட்பார், உதட்டைப் பிதுக்குவார். ஏற்றம் மூன்று வினாடி. உடைந்ததும் சட்டென்று பாதியாகத் தணிவு. சஸ்டெயின் கிட்டத்தட்ட இல்லை. அதன் பிறகு ஏழு வினாடி ரிலீஸ், அதற்குள் சோழி உருட்டுவது போல ஒரு சலசலப்பு. இருபத்திரண்டாம் நாள் கேட்டுக்கொண்டிருந்தவர் உதட்டைப் பிதுக்கவில்லை. நாற்காலியிலேயே தலை சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிப் போனார். அவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் உட்கார்ந்து அந்தக் கடலைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்காத ஊரின் கரைக்கு எனக்கு ஏக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

ஓய்வு நேரத்தில் காதை அடைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் சட்டம். அதனால் தலையணைக்குள் வைக்கிற ஒரு தகட்டில் கடலை ஏற்றிக் கொடுத்தேன். அது எலும்பு வழியாகக் கேட்கும், பக்கத்துக் கட்டிலுக்குப் போகாது. "உங்களுக்கு மட்டும்தான். வெளியே போச்சுன்னா என் தலை போயிரும்" என்றேன். மாதா மேல் ஆணையாக யாருக்கும் தர மாட்டேன் என்றார்.

ஆறே மாதத்தில் ஏழாம் கூடத்தின் பதினாறு தலையணைகளிலும் என் கடல் இருந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். "எல்லாவனும் கேட்டான். ஒறக்கத்த எப்பிடிக்கா இல்லன்னு சொல்ல முடியும்?" என்று பின்னால் அவர் என்னிடம் சொன்னார். அந்தப் பதினாறு பேரில் பாதிப் பேர் கடலையே பார்க்காதவர்கள். டாக்டர் சிலுவைதாசனைச் சோதித்துவிட்டுக் கப்பலுக்குப் பெயர் எழுதிக்கொண்டார். பாவி மனுஷன் சிலுவை அன்று எனக்குத் தன் பங்குச் சர்க்கரையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கப்பலுக்குப் பத்து வாரம் இருக்கும்போது அது நடந்தது. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் பகலில் தூங்குகிற நேரம். ஏழாம் கூடத்தின் பின்சுவரில் ஒரு பற்றவைப்பு விட்டுக்கொண்டது. கீறல் மெல்லத்தான் விரிந்தது, சத்தமும் மெல்லத்தான் ஏறியது. பதினைந்து பேர் அதைக் கேட்டார்கள், கேட்டுவிட்டு இன்னும் நன்றாகத் தூங்கினார்கள். அவர்களுக்கு அது கடல்.

சிலுவைதாசனும் கேட்டார். ஏறியது. உடையும் என்று தூக்கத்திலேயே காத்திருந்தாராம், உடையவில்லை. சரி, திரும்பிப் போகும் என்று காத்திருந்தார். போகவில்லை. அவர் எழுந்து, முதலில் தன் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டி, பதினைந்து பேரையும் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். கடைசி ஆளை வெளியே தள்ளிக் கதவை அடைத்த பிறகுதான் அழுத்தமானி கத்தத் தொடங்கியது. யாரும் சாகவில்லை. திருத்தணிப் பையன் ஒருவனுக்கு மட்டும் இரண்டு காதிலும் ரத்தம் வந்தது. ஒரு காது இன்றுவரை கேட்பதில்லை.

பாதுகாப்பு அதிகாரி ரகோத்தமன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அமைதியான மனிதர். அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மேஜை மேல் பதினாறு தகடுகளையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

"முதல் குடியிருப்புல பதினோரு பேர் போனாங்க இல்லையா, அதுல ஒருத்தன் என்னோட ரூம். நான் அன்னிக்கு டியூட்டில இருந்தேன். அவன் தூங்கினான்" என்றார். "அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டத்தை எழுதினேன். ஒவ்வொரு வரியும் நான் எழுதினது. உங்களுக்குப் பாட்டு பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா நாச்சம்மை? எனக்கும்தான் பிடிக்கும்."

"தப்பு என்னோடது சார். இவரை விட்டுருங்க. இவர்தான் எல்லாரையும் காப்பாத்தினார்."

"ஒருத்தர் முழிச்சிண்டார். பதினஞ்சு பேர் தூங்கினாங்க. நான் எதை எண்ணணும்?"

சிலுவை தரையைப் பார்த்தபடியே சொன்னார். "சார், கடலுன்னா திரும்பிப் போகும். இது போகல. அவனுவளுக்கு அது தெரியாது. கடலு தெரியாத பயலுவளுக்குக் கடலக் குடுத்தது எனக்க தப்பு."

ரகோத்தமன் ஒரு தகட்டை எடுத்துப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகும். அது முடியும்வரை இவர் கப்பல் ஏற முடியாது. அடுத்த கப்பலுக்கு இவர் உடம்பு தாங்குமா என்று டாக்டரைக் கேட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார். இதெல்லாம் அவர் சொல்லாமலே எனக்குத் தெரியும். ஆனால் ஒரு வழி இருக்கிறது என்றார். உஸ்ஸைக் கேட்டால் தூங்கப் பழகிவிட்ட காதுகள் இந்த ஊரில் எத்தனை இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. தகடு வேறு எந்தெந்தக் கூடத்துக்குப் போயிற்றோ, அதுவும் தெரியாது. அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டும்.

"எந்தச் சத்தம் தூங்க வெச்சுதோ, அதே சத்தத்துல எழுப்பணும். உங்க கடலையே எடுத்துக்கோங்கோ. அதே மாதிரி ஏறணும். ஆனா திரும்பிப் போகக் கூடாது. எல்லாரும் மாஸ்க் மாட்டற வரைக்கும் நிக்கணும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, எப்ப வரும்னு தெரியாம."

"எப்பவும் திரும்பலேன்னா ஜனங்க அது திரும்பலேங்கிறது தெரியற வரைக்கும் காத்திருப்பாங்க சார்" என்றேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத் தொழில் புத்தி, வாயைச் சும்மா வைத்திருக்க விடவில்லை. "சில தடவை திரும்பிப் போகணும். சில தடவை போகாது. எது எதுன்னு முன்கூட்டியே தெரியக் கூடாது. அப்பதான் அலை ஏறும்போதே கை மாஸ்க்குக்குப் போகும். திரும்புதான்னு பாத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க."

"அதைச் செய்யுங்கோ. ரெண்டு பேர் மேலயும் நான் எதுவும் எழுதலை" என்றார் ரகோத்தமன்.

செய்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்நாளிலேயே நான் செய்த மிகச் சிறந்த ஒலி அதுதான். அந்த முதல் சத்தமின்மை, அந்த ஏற்றம், எல்லாம் அவர் சொன்ன அதே அளவு. சில அலைகளுக்கு ரிலீஸை மட்டும் பூட்டினேன். முதல் ஒத்திகையில் ஊரே பதறி எழுந்தது. இரண்டாம் வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் கவளத்தைப் போட்டுவிட்டு மாஸ்க்கைப் பிடித்தான். ஐந்தாம் வாரத்தில் யாரும் யோசிப்பதே இல்லை, கைதான் போனது.

எல்லாரையும்விட முதலில் மாட்டுபவர் சிலுவைதாசன். அந்தச் சத்தத்தின் தொடக்கம் அவருக்குத்தானே தெரியும். ஒன்றுமே கேட்காத அந்த முதல் நொடியிலேயே அவர் கை எழுந்துவிடும். ஒரு தடவை சாப்பாட்டுக் கூடத்தில் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம். அலை வந்தது. மாஸ்க்குக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அன்றைய அலை திரும்பிப் போகிற அலை. சோழி உருளுகிற அந்தச் சலசலப்பு முடிகிறவரைக்கும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம். நான் அதற்குத் தகுதியானவள்தான்.

கப்பல் ஏறும் நாளில் வழியனுப்பப் போனேன்.

"மன்னிச்சிருங்க தம்பி" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. ஊருக்குப் போனா சரியாயிரும். அங்க ஒரிஜினல் இருக்குல்லா" என்று சிரித்தார். பிறகு, "கப்பல்லயும் இதே ஒத்திகைதானாம். உங்க சத்தத்தக் கேட்டு வாங்கிக்கிட்டாவளாம்" என்றார். பெருமையாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பயணம் ஏழு மாதம். போய்ச் சேர்ந்ததும் செய்தி அனுப்புவார் என்று காத்திருந்தேன். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, எதுவும் வரவில்லை. மூன்றாம் மாதத்தில், போன வாரம்தான் ஒன்று வந்தது, அவரிடமிருந்து இல்லை. மெற்றில்டா அனுப்பியிருந்தாள். மெல்லிய குரல், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுகிற தயக்கம்.

"அக்கா, நான் சிலுவைக்க வீட்டுக்காரி. அவரு உங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காரு. வந்த அன்னைக்குக் கரையில எறங்குனாருக்கா. மொதல் அலை வந்துது. கையி மூஞ்சிக்குப் போச்சு. ஒண்ணும் இல்லாத எடத்துல எதையோ தேடுது. மாதாவே, நான் பயந்தே போனேன். வீட்டுக்குள்ள படுத்தா ஒவ்வொரு அலைக்கும் எழும்பி உக்காருதாரு. ஊருக்கு உள்ள, எங்க அக்கா வீட்டுக்கு, கடலு கேக்காத எடத்துக்குப் போவோம்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாரு. கடலு திரும்பிப் போவுதா இல்லையான்னு தெரியலங்கிறாரு. காது கேக்குது, ஆனா நம்ப முடியலங்கிறாரு. அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். கேளுங்க. அவரு உங்களுக்குச் சொல்லச் சொன்னாரு, வெக்கமா இருந்துது, அதான் இத்தன நாளு."

அதோடு அவள் பேச்சு நின்றது. பின்னால் ஒரு ஒலிப்பதிவு இருந்தது.

அதைத் தகட்டில் ஏற்றித் தலையணைக்குள் வைத்துக் கேட்டிருக்கலாம். எனக்கு அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அறைக்கதவை இறுக அடைத்துவிட்டு ஒலிபெருக்கியிலேயே போட்டேன். சட்டம் தெரிந்துதான் போட்டேன். முதல் நொடி, ஒன்றுமில்லை. என் கை தானாக எழுந்து மாஸ்க்கை எடுத்து மாட்டியது. என் பாவம் என் கையிலும் இருக்கத்தானே செய்யும்.

அலை ஏறியது. உடைந்தது. நான் செய்ததைவிடக் கனமாக, கொஞ்சம் கோணலாக, இரண்டு இடத்தில் உடைந்தது. பிறகு தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியது. அந்தச் சரசரப்பு தேய்ந்து போகிற இடத்தில், வெகு அருகில், மெற்றில்டாவின் குரல் கேட்டது.

"போச்சு."

அடுத்த அலை. ஏறி, உடைந்து, இழுத்துக்கொண்டே போய் அடங்கியது.

"போச்சு."

அவ்வளவுதான். வேறு பேச்சே இல்லை. ஒவ்வொரு அலைக்கும் காத்திருந்து, திரும்பிப் போய்விட்டது என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எத்தனை நாளாக இப்படிச் சொல்கிறாளோ, அவள் எப்போது தூங்குகிறாளோ தெரியாது. ஏழாவது அலைக்குப் பிறகு இன்னொரு சத்தமும் கூடவே சேர்ந்தது. கனத்த, ஒழுங்கில்லாத குறட்டை. அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன்.

பதிவு நாற்பது நிமிஷம். முழுவதையும் மாஸ்க்கோடு உட்கார்ந்து கேட்டேன். அடுத்த கப்பலுக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது, அதில் என் பெயரும் இருக்கிறது. போனால் முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கரையில் போய் இறங்க வேண்டும். தேவகோட்டையில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. அங்கே பக்கத்தில் படுத்து அலைக்கு அலை எனக்கு யார் சொல்வார்கள் என்றுதான் தெரியவில்லை.

பதிவு முடிகிற சமயத்தில் கடைசி அலை ஒன்று வந்தது. ஏறியது, உடைந்தது, பின்வாங்கத் தொடங்கியது. மெற்றில்டா சொல்லவில்லை. பாவம், அவளும் தூங்கிவிட்டாள் போல.

"போச்சு" என்றேன் நான்.